கேளுங்க சொல்றோம்: நம்ம ஊர் கென்னடியும் அயர்லாந்து கென்னடியும்

போன இதழ்ல "உங்க பேருக்குப் பின்னாடி என்ன கதை?"ன்னு ஒரு வரி கேட்டிருந்தோம், அவ்ளோதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் இவ்ளோ கென்னடிங்க இருக்காங்கன்னு தபாலைப் பிரிச்சப்பதான் தெரியுது. லெனின், ஸ்டாலின், காந்தி, நேரு எல்லாம் எதிர்பார்த்ததுதான், ஆனா இந்தத் தடவை கென்னடி பக்கம்தான் கூட்டம் ஜாஸ்தி. அதனால இந்த இதழ் முழுக்க அந்தப் பேருக்கே.

கேள்வி: நான் பொறந்தது 64ல. எங்கப்பா கட்சிக்காரரு, அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டுட்டாங்கன்னு ரேடியோவுல கேட்டு ஒரு நாள் பூரா சாப்பிடலையாம், அடுத்த வருஷம் பொறந்த எனக்கு கென்னடின்னு வச்சிட்டாரு. இப்ப என் பையன் டப்ளின்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். பாஸ்போர்ட்டுல அவனுக்கு சர்நேம் இருக்கற எடத்துல என் பேரு இருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் "நீ டிப்பெரரி கென்னடியா, வெக்ஸ்ஃபோர்டு கென்னடியா?"ன்னு கேட்டுச் சிரிக்கிறாங்களாம். அது என்னங்க கணக்கு?
- கென்னடி, காவேரிப்பட்டணம்

பதில்: அடுத்த தடவை கேட்டா "காவேரிப்பட்டணம் கென்னடி"ன்னு சொல்லச் சொல்லுங்க, அதுல தப்பே இல்ல. சிரிக்கிறவங்களுக்கே அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு பார்த்தா உங்க பையனுக்கு வந்த அதே வழிலதான் வந்திருக்கு.

ஆயிரம் வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும். அயர்லாந்தோட மேற்குப் பக்கம், ஷானன் ஆத்தங்கரையில, இன்னைக்கு கிளேர்னு சொல்ற கவுன்ட்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) தால் காஷ்னு ஒரு கூட்டம் இருந்துச்சு. அதுக்குத் தலைவரா இருந்தவரு பேரு கென்னேட்டிக், 951ல செத்தாரு. அவரோட ஒரு பையன்தான் பிரையன் போரு, அயர்லாந்து முழுக்க பெரிய ராஜான்னு பேர் எடுத்து 1014ல க்ளான்டார்ஃப் சண்டையில புனித வெள்ளி அன்னைக்குச் செத்த ஆளு, ஓ பிரையன்னு வர்றவங்க எல்லாம் அவரு வழி. இன்னொரு பையன் டொன்குவான். இந்த டொன்குவான் என்ன பண்ணாருன்னா தன் பையனுக்கு தாத்தா பேரையே வச்சாரு. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறது நம்ம ஊர்லயும் இருக்கறதுதானே, அதே தான். அந்தப் பேரனோட வாரிசுங்கதான் "ஓ கின்னேய்டி", அதாவது கென்னடி வம்சம். பிரையன் போருவோட அண்ணன் தம்பி பிள்ளை வழின்னு வச்சுக்கங்க.

அந்தப் பேருக்கு அர்த்தம் என்னன்னா, முதல் பாதி ஐரிஷ்ல "தலை". ரெண்டாவது பாதிலதான் வம்பு. கவசம்னும் எடுக்கலாம், அசிங்கம்னும் எடுக்கலாம். ஒண்ணு தலைக்கவசம் போட்டவன், இல்லன்னா கோரத் தலையன். கென்னடிங்க எதை எடுத்துக்கிட்டாங்கன்னு கேக்கவே வேண்டாம். 1961 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள் அன்னைக்கு அயர்லாந்து அரசாங்கம் ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு குலச்சின்னம் வரைஞ்சு குடுத்துச்சு, அதுல கருப்புக் கேடயம் மேல 3 தங்கத் தலைக்கவசம். கோரத் தலையை யாரு சின்னமா வரைவாங்க சொல்லுங்க.

சரி, டிப்பெரரியா வெக்ஸ்ஃபோர்டான்னு கேட்டாங்கல்ல. கிளேர்ல இவங்க இருந்த எடத்துல இன்னைக்கும் கில்லோகென்னடின்னு ஒரு சர்ச் பங்கு (பாரிஷ்) இருக்கு. ஆனா அங்க சொந்தக்காரங்க ஓ பிரையனும் பக்கத்துல மெக்னமராவும் நெருக்க நெருக்க இவங்க ஷானன் ஆத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வடக்கு டிப்பெரரிக்குப் போய்ட்டாங்க, அந்த சீமைக்கு ஆர்மண்டுன்னு பேரு, நீனா டவுன் பக்கம். அங்க சில நூறு வருஷம் அவங்க வச்சதுதான் சட்டம். கூட்டம் பெருகினதும் ஒரே பேர்ல எல்லாரும் இருந்தா யாரு யாருன்னு தெரியாதுல்ல, அதனால மூணா பிரிச்சு டொன், ஃபின், ருவான்னு வச்சாங்க, பழுப்பு வகையறா, வெள்ளை வகையறா, செவப்பு வகையறான்னு. முடி நிறத்தை வச்சுத்தான். நம்ம பக்கம் செவத்தான் வீடு, கருப்பன் வகையறான்னு சொல்ற மாதிரியேதான், ஆனா அவங்க அதை எழுத்துலயும் ஏத்திட்டாங்க. அப்புறம் 1600 வாக்குல ஒரு கிளை தென்கிழக்கே வெக்ஸ்ஃபோர்டு பக்கம் போய் உக்காந்துச்சு, அமெரிக்க ஜனாதிபதி வந்தது அந்தக் கிளையில. அதனாலதான் உங்க பையன்கிட்ட டிப்பெரரியா வெக்ஸ்ஃபோர்டான்னு கேக்கறாங்க, ராஜா ஊட்டுப் பழைய வகையறாவா, ஜனாதிபதி வகையறாவான்னு.

உங்க விஷயத்துக்கு வந்தா, அப்பா பேர் பையனுக்குப் பின்னாடி வருது, அங்கயும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு. ஒருத்தருக்கு அப்பா பேரோ தாத்தா பேரோ கூட வரும், அடுத்த தலைமுறைக்கு மாறும். 900க்கு அப்புறம், குறிப்பா 1000 வாக்குல பெரிய தலைக்கட்டு ஒவ்வொண்ணா ஒரு தாத்தா பேரைப் புடிச்சு அதோட நின்னுட்டாங்க. ஐரோப்பாவுலயே இப்படி நிலையான சர்நேம் வச்ச முதல் சில நாடுகள்ல அயர்லாந்து ஒண்ணு. 916ல செத்த ஓ க்ளேரிங்கற தலைவன் பேர்தான் அங்க எழுத்துல கிடைச்சதுல ரொம்பப் பழசுன்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல இனிஷியல் இன்னும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு, உங்க பேரனுக்கு உங்க பையன் பேரு வரும், கென்னடி அதோட போச்சு. பேரன் டப்ளின்லயே பொறந்து அங்க வழக்கப்படி பதிஞ்சாங்கன்னா மட்டும்தான் நிக்கும். அப்ப அயர்லாந்துல இன்னொரு கென்னடி வம்சம் உங்கள்ல இருந்து ஆரம்பிச்ச மாதிரி.

கேள்வி: ஓ பிரையன், ஓ கானர் எல்லாருக்கும் முன்னாடி "ஓ" இருக்கு. கென்னடிக்கு மட்டும் ஏன் இல்ல? அப்புறம் "மெக்" போட்டு வர்றவங்க யாரு?
- ஒரு டீச்சர், அரூர்

பதில்: "ஓ"ன்னா பேரன், வாரிசு. "மெக்" இல்ல "மேக்"னா மகன். ரெண்டுமே ஆம்பளைங்களுக்கு. பொண்ணுன்னா ஐரிஷ்ல "ஓ" போய் "நீ" ஆகும், "மேக்" போய் "நிக்" ஆகும், கல்யாணம் ஆன பொண்ணுக்கு புருஷன் வீட்டுப் பேரோட வேற மாதிரி வரும். இங்கிலீஷ்ல எழுதுறப்ப இதெல்லாம் காணாம போயிடும், எல்லாரும் ஓ பிரையன்தான்.

கென்னடிக்கும் "ஓ" இருந்துச்சுங்க, இங்கிலீஷ்காரன் ஆட்சியில உதிர்ந்துபோச்சு. 1465ல ஒரு சட்டமே போட்டான், டப்ளின், மீத், லௌத், கில்டேர் பக்கம் இருக்கற ஐரிஷ்காரங்க இங்கிலீஷ்காரன் மாதிரி உடுத்தணும், இங்கிலீஷ்ல சர்நேம் வச்சுக்கணும்னு. எப்படி வைக்கணும்னு லிஸ்ட் வேற: ஊர் பேரா சட்டன், செஸ்டர், ட்ரிம், நிறமா வெள்ளை, கருப்பு, பிரவுன், தொழிலா ஸ்மித், கார்பென்டர், உத்தியோகமா குக், பட்லர். ஒருத்தன் பேரை என்னன்னு வச்சுக்கணும்னு சர்க்கார் மெனு கார்டு குடுத்த மாதிரி. அப்புறம் 1600க்கு மேல பழைய ஐரிஷ் தலைக்கட்டுங்க தோத்து நிலம் போனதும், "ஓ", "மேக்" வச்சுக்கிட்டா வேலை கிடைக்கறதும் வழக்கு ஜெயிக்கறதும் கஷ்டம்னு ஜனங்களே கழட்டி வச்சாங்க. மேக் கவான்னு இருந்தவன், அதாவது கொல்லன் மகன், ஸ்மித் ஆனான். 1893ல கேலிக் லீக்னு மொழி இயக்கம் வந்ததுக்கு அப்புறம் கொஞ்ச கொஞ்சமா நிறைய பேர் "ஓ"வைத் திரும்ப மாட்டிக்கிட்டாங்க. ஓ பிரையன், ஓ கானர் எல்லாம் மாட்டிக்கிட்டாங்க, கென்னடி, மர்ஃபி, கெல்லி மாதிரி சிலபேர் பெரும்பாலும் அப்படியே விட்டுட்டாங்க.

எனக்கு இதுல ஒண்ணு உறுத்தும். நம்ம பசங்க பெங்களூர்ல, வெளிநாட்டுல ஃபார்ம் நிரப்பறப்ப சர்நேம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்காதுன்னு ஊர் பேரையோ அப்பா பேரையோ அடைச்சு விடறாங்கல்ல, 1465க்கு அப்புறமும் கதை பெருசா மாறல.

கேள்வி: ஜான் எஃப். கென்னடி குடும்பம் ஏன் அயர்லாந்தை விட்டுப் போனாங்க? அந்த "எஃப்" என்னது?
- காலேஜ் மாணவி, பென்னாகரம்

பதில்: உருளைக்கிழங்கு.

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் உருளை போடறவங்களைக் கேட்டுப் பாருங்க, பனியும் ஈரமும் சேர்ந்துச்சுன்னா இலைக்கருகல் எவ்ளோ வேகமா பரவும்னு சொல்வாங்க. 1845ல அதே நோய் அயர்லாந்துல விழுந்துச்சு. அங்க ஏழை ஜனங்களுக்கு நம்மூர்ல ஒரு காலத்துல கேழ்வரகுக் களி மாதிரி, மூணு வேளையும் அந்தக் கிழங்கு மட்டும்தான். அது மண்ணுக்குள்ளயே அழுகிப் போச்சு, ஆனா அதே வருஷங்கள்ல நாட்டுல வெளஞ்ச தானியமும் மாடும் வெண்ணெயும் கப்பல்ல இங்கிலாந்துக்குப் போய்க்கிட்டுதான் இருந்துச்சு, குத்தகை கட்ட முடியாதவனை வீட்டைவிட்டுத் துரத்துறதும் நடந்துச்சு. 1841ல 80 லட்சத்துக்கு மேல இருந்த ஜனத்தொகை 1851ல 65 லட்சம் ஆச்சு. சுமார் 10 லட்சம் பேர் பசியிலயும் நோயிலயும் செத்தாங்க, அதுக்கும் மேல கப்பல் ஏறிட்டாங்க.

அப்படிக் கப்பல் ஏறினதுல ஒருத்தர்தான் பேட்ரிக் கென்னடி, வெக்ஸ்ஃபோர்டு கவுன்ட்டியில நியூ ராஸ் பக்கத்துல டன்கன்ஸ்டவுன்னு ஒரு கிராமம், விவசாயக் குடும்பத்துல கடைசிப் பையன், நெலம் அண்ணனுக்குப் போயிடும். 1848 வாக்குல பாஸ்டன் போய் மரப்பீப்பாய் செய்யற வேலை பார்த்தாரு. அங்கயே பிரிட்ஜெட் மர்ஃபிங்கற வெக்ஸ்ஃபோர்டு பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. பத்து வருஷத்துல, 1858 நவம்பர் 22ல, காலராவுல போய்ட்டாரு. அந்தத் தேதியைக் கவனிச்சீங்களா, கொள்ளுப்பேரன் டல்லாஸ்ல சுடப்பட்டது 1963 நவம்பர் 22.

புருஷன் போன பிறகு பிரிட்ஜெட் ஒரு சின்னக் கடை போட்டு பிள்ளைங்களை வளர்த்தாங்க. இந்தக் கதையில எல்லாரும் ஆம்பளைங்களையே பேசுவாங்க, ஆனா அந்தம்மா கடை இல்லன்னா மத்தது எதுவும் இல்ல. அவங்க பையன் பி.ஜே. கென்னடி சாராயக்கடை வச்சு, அப்புறம் அரசியலுக்குப் போய் மாநில சட்டசபை வரைக்கும் போனாரு. அவரு பையன் ஜோசப் பெரிய பணக்காரன், பிரிட்டனுக்கு அமெரிக்கத் தூதர். அவரு பையன் ஜான், 1961ல ஜனாதிபதி, 46 வயசுல செத்தாரு. தம்பி ராபர்ட்டை 1968ல சுட்டாங்க. இன்னொரு தம்பி எட்வர்ட் 1971ல வங்காளதேச அகதிங்க முகாமைப் பார்க்க மேற்கு வங்காளம் வந்தவரு.

"எஃப்" ஃபிட்ஜெரால்டு. அம்மா வீட்டுப் பேரு. அதுவும் ஐரிஷ் பேர்தான், ஆனா "ஓ"வும் இல்ல "மேக்"கும் இல்ல. 1169ல அயர்லாந்துக்குள்ள படை எடுத்து வந்த நார்மன்காரங்க பேசினது பிரெஞ்சு, அதுல மகனுக்கு "ஃபிட்ஸ்". ஜெரால்டு மகன். படையெடுத்து வந்தவன் பேரு ஒருபக்கம், பழைய குடி பேரு ஒருபக்கம், ரெண்டும் ஒரே ஆளுகிட்ட.

1963 ஜூன்ல, சாகறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, ஜான் கென்னடி அயர்லாந்து போனாரு. பதவியில இருக்கற அமெரிக்க ஜனாதிபதி அங்க போனது அதான் முதல் தடவை. டன்கன்ஸ்டவுன்ல ஒண்ணுவிட்ட சொந்தக்காரம்மா ஒருத்தங்க வீட்டு வாசல்ல டேபிள் போட்டு டீயும் கேக்கும் வச்சாங்க, அதை நின்னு சாப்பிட்டாரு. நியூ ராஸ் ஆத்தங்கரையில பேசறப்ப எதிர்ல இருந்த அல்பட்ராஸ் உரக் கம்பெனியைக் காட்டி, எங்க கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறலைன்னா நான் இன்னைக்கு அங்கதான் வேலை பார்த்துக்கிட்டு இருப்பேன்னாரு. தர்மபுரில இருந்து குடும்பம் குடும்பமா பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவங்க பிள்ளைங்களுக்கு இந்த வாக்கியம் நல்லாப் புரியும்.

கேள்வி: அமெரிக்கக் குடும்பத்தைத் தவிர வேற பேர் சொல்ற கென்னடி யாராவது உண்டா?
- மொரப்பூர் வாசகர்

பதில்: நம்ம நடிகர் விக்ரமை மறந்துட்டீங்களே. 1966ல பொறந்த அவரோட சொந்தப் பேரு கென்னடி ஜான் விக்டர்.

மத்தபடி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுல 1988ல இருந்து 2018 வரைக்கும் நீதிபதியா இருந்த ஆன்டனி கென்னடி. வட அயர்லாந்துல ஓமா ஊர்ல பொறந்த ஜிம்மி கென்னடி, பாட்டு எழுதி உலகம் பூரா பேர் வாங்கினவரு. வயலின் வாசிக்கற நைஜெல் கென்னடி, இங்கிலாந்துக்காரர். பிரிட்டன்ல லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவரா இருந்த சார்லஸ் கென்னடி ஸ்காட்லாந்துக்காரர்.

ஸ்காட்லாந்துன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிடறேன். அங்க தென்மேற்குல எர்ஷயர் பக்கம் இன்னொரு கென்னடி கூட்டம் இருக்கு, பெரிய ஜமீன், கசில்ஸ் பிரபுன்னு பட்டம். பேரு ஒண்ணுதான், ஆனா அவங்க டிப்பெரரி வகையறா இல்ல. அவங்களோட கலேன் கோட்டையை 1945ல ஒரு அறக்கட்டளைக்கு எழுதிக் குடுத்தப்ப ஒரு நிபந்தனை போட்டாங்க, மேல்மாடி வீட்டை ஜெனரல் ஐசனோவருக்குக் குடுக்கணும்னு, ஹிட்லரை ஜெயிச்ச நன்றிக்கு. அந்த ஐசனோவர்தான் பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனாரு, அவருக்கு அடுத்து வந்தவரு ஜான் கென்னடி. ஒரு கென்னடிக்கு நாற்காலியை விட்டுட்டுப் போனவரு, இன்னொரு கென்னடி கோட்டையில மாடி வீடு வச்சிருந்தாரு.

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் வந்த வெள்ளைக்காரங்கள்ல ஐரிஷ் ஆளுங்க உண்டா? மன்றோ ஐரிஷா?
- ராயக்கோட்டை வாசகர்

பதில்: மன்றோ ஸ்காட்லாந்து, கிளாஸ்கோவுல பொறந்தவரு. 1792ல திப்புகிட்ட இருந்து பாரமகால், அதாவது நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம், கம்பெனி கைக்கு வந்தப்ப கலெக்டரா வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியா தர்மபுரில இருந்தாரு. மன்றோ குலத்துக்காரங்களோட வழிவழிக் கதைல மட்டும், எங்க முன்னோர் அயர்லாந்துல ரோ ஆத்தோரம் இருந்து வந்தவங்கன்னு ஒரு பேச்சு உண்டு.

ஆனா உங்க ஊரு வழியாவே ஒரு ஐரிஷ் ஆளு போயிருக்காரு, சாதாரண ஆளு இல்ல. 1799ல ஜெனரல் ஹாரிஸ் படை வேலூர்ல இருந்து கிளம்பி பாரமகால் வழியா, ராயக்கோட்டை மேல ஏறி மைசூர் சீமைக்குள்ள போச்சு. அதுல 33வது ரெஜிமென்ட் கர்னல், நிஜாம் படையையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டவரு ஆர்தர் வெல்லெஸ்லி. டப்ளின்ல பொறந்தவரு, அப்ப 29 வயசு. மே 4ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்துச்சு, திப்பு செத்தாரு. பதினாறு வருஷம் கழிச்சு வாட்டர்லூவுல நெப்போலியனைத் தோக்கடிச்ச வெலிங்டன் பிரபு இவருதான், குன்னூர் பக்கத்துல இருக்கற வெலிங்டன் இவரு பேர்லதான்.

சர்நேம் கேட்டா சிரிப்பீங்க. இவங்க தாத்தா பேரு ரிச்சர்ட் காலி. 1728ல வெஸ்லின்னு ஒரு சொந்தக்காரரு சொத்து வந்துச்சு, சொத்தோட பேரையும் மாட்டிக்கிட்டாரு. பேரனுங்க காலத்துல, வெஸ்லி போதல, இன்னும் பழைய வடிவம் கம்பீரமா இருக்குன்னு 1798 வாக்குல வெல்லெஸ்லின்னு நீட்டிட்டாங்க. பேர் மாத்தின அடுத்த வருஷமே ராயக்கோட்டை. சர்நேம்னா ரத்தத்துல ஊறினதுன்னு பேசறவங்களுக்கு இந்தக் குடும்பத்தைக் காட்டலாம்.

கேள்வி: ஆன்லைன்ல "கென்னடி குடும்பச் சின்னம்" போட்ட கப்பு விக்கறாங்க, வாங்கலாமா?
- ஓசூர் வாசகி

பதில்: காபி குடிக்க வாங்கலாம். குலச்சின்னம் ஒரு ஆளுக்கும் அவரோட நேர் வாரிசுங்களுக்கும் குடுக்கறது, சர்நேமுக்குக் குடுக்கறது இல்ல. டப்ளின்ல அதுக்குன்னே தலைமைக் குலச்சின்ன அதிகாரி ஆபீஸ் இருக்கு.

கேள்வி: என் பேரும் கென்னடிதான். இதை வச்சு அயர்லாந்து பாஸ்போர்ட்டுக்கு ஏதாவது வழி உண்டா? சும்மா ஒரு ஆசைக்குக் கேக்கறேன்.
- கென்னடி, பாலக்கோடு

பதில்: பேரை வச்சு இல்லீங்க. அப்பா அம்மால ஒருத்தர் அயர்லாந்துல பொறந்த அயர்லாந்துக் குடிமக்களா இருந்தா நீங்களும் குடிமகன். தாத்தா பாட்டில ஒருத்தர் அந்தத் தீவுல பொறந்திருந்தாங்கன்னா வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேடுன்னு ஒண்ணு இருக்கு, அதுல பதிஞ்சு குடியுரிமை வாங்கலாம். கொள்ளுத்தாத்தா வரைக்கும் போகணும்னா, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே உங்க அப்பாவோ அம்மாவோ அந்தப் பதிவேட்டுல ஏறி இருந்திருக்கணும்.

மனசு விடாதீங்க, ஜான் எஃப். கென்னடியோட தாத்தா பாட்டி நாலு பேரும் அமெரிக்காவுல பொறந்தவங்கதான். இன்னைக்கு இருக்கற விதிப்படி, தாத்தா பாட்டி கணக்குல அவருக்கே கிடைக்காது.